ஆருடையதாக்கும் சேச்சி?

வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பிளக் பாயிண்ட் எங்கே, தண்ணீர் எங்கே, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அவர் அது ஒன்றையும் கேட்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராகச் சாப்பாட்டு மேஜையிடம் போனார். குனிந்து, தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். பிறகு ஓர் இடத்தைக் காட்டி, "இது ஆருடையதாக்கும் சேச்சி?" என்றார்.

"மேஜையா? எங்களுக்குள்ளதுதான்."

"மேஜையில்ல. இந்த வட்டம்."

சூடான பாத்திரம் வைத்து வெளுத்துப்போன வட்டம். எந்த வீட்டு மேஜையில் அது இல்லை? காபிப் பாத்திரமாக இருக்கும் என்றேன். பாத்திரம் எது என்று அவர் கேட்கவில்லையாம், வைத்தது யார் என்றுதான் கேட்டாராம். அம்மாவாக இருக்கலாம், அம்மா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, நானாகவும் இருக்கலாம் என்றேன். "அப்போ எடுக்கலாமா?" என்றார். எடுப்பதற்குத்தானே உங்களை வரச்சொன்னது என்று வாய்வரை வந்தது. எடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து வட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார். அதன்பிறகுதான் பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டார்.

நாலு வருஷம் ஆகிறது. மொத்தம் பதினேழு நாள் அவரை எனக்குத் தெரியும். என் போனில் அவர் பெயர் இன்றைக்கும் 'பாலிஷ்' என்றுதான் இருக்கிறது. மர வேலை முடிந்த வீடுகளில் கதவு, கட்டில், மேஜைக்கு வார்னிஷ் அடிக்கிறவர். நிறம் சேர்க்க மாட்டார். பிரவுன், மெரூன், வால்நட் என்று யாராவது ஆரம்பித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். தெளிவான பூச்சு மட்டும்தான். மரத்தில் என்ன இருக்கிறதோ அது தெரியும். நாற்பத்தைந்து வயது இருக்கும். பார்த்தால் வார்னிஷ்காரர் என்று சொல்ல மாட்டீர்கள். வங்கி வரிசையில் நமக்கு முன்னால் நின்றுகொண்டு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறவர் மாதிரி இருப்பார்.

தினமும் வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். அம்மாவிடம் தமிழ், மற்ற எல்லோரிடமும் மலையாளம். என்னிடம் பேசும்போது வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து நடுவழியில் மலையாளத்துக்கு இறங்கிவிடுவார். என் தமிழும் ஒன்றும் பிரமாதம் இல்லை. திருவனந்தபுரம் ஆரியசாலைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் டைப் அடித்தவள் நான்.

அவரைக் கூப்பிட்டது நான் இல்லை, பெங்களூரிலிருக்கும் என் அண்ணன். அவன் மகனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் வீடு திருவனந்தபுரம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வந்து இறங்குவது இந்த வீட்டில். அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வீடு பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னான். கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றேன். "பெயிண்டா? பழைய தேக்குடி அது. மரம் தெரியணும். இப்ப எல்லாரும் கிளியர் கோட்தான் போடுகா" என்று போனில் பத்துப் படம் அனுப்பினான். எனக்கு வாதாட உடம்பில் தெம்பில்லை. ஆறு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டதில், யார் எது சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு உட்கார இடம் தேடுகிற ஆளாக ஆகியிருந்தேன்.

பெயிண்ட் வேண்டும் என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆடி மாத மழையில் வார்னிஷ் அடிப்பது மடத்தனம் என்று அவர் முதல் நாளே சொன்னார். ஈரக்காற்றில் பூச்சு வெளுக்கும், காயாது. அப்படியானால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "காயும்போ காயும்" என்றார். இந்த ஊரில் எலக்ட்ரீஷியனைக் கேட்டால் இப்ப வந்துடறேன் என்பான், டாக்டரைக் கேட்டால் சரியாகிவிடும் என்பார். இவர் அந்த ஆறுதலைக்கூடத் தர மாட்டேன் என்றார். அவர் வேலை செய்கிற அறையில் மின்விசிறி ஓடக் கூடாது. பெருக்கக் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தலையில் எண்ணெய் வைத்தவர்கள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

திருவனந்தபுரத்தில் ஒருத்தியைப் பார்த்து எண்ணெய் வைக்காதே என்று சொல்வது சோறு தின்னாதே என்று சொல்வதுபோல. நான் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். மரத்தில் ஒரு விரல் எண்ணெய் பட்டிருந்தால் போதும், மேலே அடிக்கிற வார்னிஷ் அந்த இடத்தில் நிற்காது. பின்வாங்கும். அம்மைத் தழும்பு மாதிரி குட்டிக்குட்டிக் குழிகள் விழும். "கண்ணு விழுகதுன்னு நாங்க சொல்லுவோம். இந்த ஊர்ல பத்து வீட்டுக்குப் போனா எட்டு வீட்டுல கண்ணு விழும். கட்டில் தலமாட்டுல, ஊஞ்சல்ல, கதவுப் பிடியில. எல்லாம் தேங்காயெண்ணெ." அவருடைய தலைமுடி எண்ணெய் கண்டு வருஷக்கணக்காகித் தேங்காய் நார் போலவே இருந்தது. தினமும் சோப்புப் போட்டுத்தான் குளிப்பாராம். நானும் பதினேழு நாள் வறட்டுத் தலையோடு திரிந்து தலைவலியில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவருடைய முக்கியமான தொந்தரவு எண்ணெய் இல்லை, அந்தக் கேள்விதான். உப்புத்தாளை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடத்துக்கும் கேட்பார். இந்தக் கறை ஆருடையது, இந்த வெட்டு ஆருடையது, இந்த ஆணி ஆர் அடித்தது. சொன்னால் பென்சிலில் கோடு போடுவார். எடு என்றால் எடுப்பார். வை என்றால் அதைச் சுற்றி உப்புத்தாள் போட்டு, அதன்மேலேயே தெளிவான பூச்சை அடித்து, அந்தத் தழும்பைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி ஆக்கிவிடுவார். தெரியாது என்றால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "ஓர்த்துப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். நானும் ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். அது ஒரு வேலையா எனக்கு?

மாடி அறையில் அண்ணன் படித்த மேஜை இருக்கிறது. அதன் ஓரத்தில் காம்பஸ் முனையால் ஓர் எழுத்து ஆழமாகக் குத்திப் பதித்திருந்தது. அண்ணன் பெயரில் அந்த எழுத்து இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று நான் கையை விரித்தேன். அண்ணன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டே விட்டார். அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"சாரே, இந்த மேஜையில ஒரு எழுத்து உண்டு. ஆருடையதாக்கும்?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அதை எடுத்துடுங்க" என்றான்.

"செரி சாரே. எடுத்தா பின்ன வராது, கேட்டோ?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "ஓரத்துலதான இருக்கு? இருந்துட்டுப் போட்டும்" என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டான். அந்த எழுத்து இப்போதும் வார்னிஷுக்கு அடியில் பளபளவென்று இருக்கிறது. யாருடையது என்று அண்ணி இதுவரை கேட்டதில்லை. அன்றைக்குத்தான் நான் பல மாதம் கழித்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றுபோன மத்தியானம். அவர் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் தின்றுகொண்டிருந்தார். பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்தபோது நடந்ததைச் சொன்னார். அந்த வீட்டில் ஒரு பெரியவருக்குக் கண் மங்கலாம். சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காருகிற இடத்தில் தம்ளர் வைத்து வைத்து மரமே வட்டமாகக் குழிந்துபோயிருந்தது. இவர் அதைக் கறை என்று நினைத்து ரெண்டு நாள் பாடுபட்டுத் தேய்த்து மேஜையைக் கண்ணாடியாக்கிக் கொடுத்தார். வீட்டுக்காரர்களுக்கு ஏகச் சந்தோஷம். ஒரு மாதம் கழித்து வேறு வேலைக்காக அதே வீட்டுக்குப் போனால், பெரியவர் மேஜை முன்னால் உட்கார்ந்து ஒரு கையில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மேஜையைத் தடவிக்கொண்டே இருக்கிறார்.

"குழி எங்கேன்னு தேடுகாரு, சேச்சி. கிட்டல. தம்ளரைக் கையிலேயே பிடிச்சு முழுசும் குடிச்சாரு. அப்புறம் அதைக் கீழ வைக்கத் தெரியாம மடியில வச்சிட்டு இருந்தாரு" என்றார். பொதியை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தம்ளர்தானே என்று நினைத்தேன். களைத்துப்போனவர்களுக்கு மற்றவர்கள் துக்கம் பெரிதாகத் தெரிவதில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலை பஜாரில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தவர். எழுபத்தெட்டு வயதில் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு நான். ஒரு நாள் நான் ஆபீஸுக்குப் போன பிறகு வீட்டைவிட்டு இறங்கிப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் போய் நின்று, சிதறு தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். பூ விற்கிறவள் அடையாளம் கண்டு கூட்டிவந்தாள். இன்னொரு நாள் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தோம். நாலு மாதத்தில் அவள் போய்விட்டாள். அடுத்து வந்தவள் ஒன்பது நாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நான் தேடித் தேடி ஓய்ந்துபோனேன். வேலையை விட்டால் ரெண்டு பேருக்கும் வழியில்லை.

அப்பாவின் அறைக்கதவில், வெளிப்பக்கம், ஒரு கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டேன். அறைக்குள்ளேயே கக்கூஸ் இருந்தது. காலையில் குளிப்பாட்டி, மனம் அடங்கும் என்று வைத்தியர் கொடுத்த தைலத்தை உச்சியில் அழுத்தித் தேய்த்து, இட்லி கொடுத்து, ரேடியோவைப் போட்டுவிட்டுப் பூட்டுவேன். மத்தியானம் ஆட்டோ பிடித்து வந்து சோறு கொடுப்பேன். மறுபடி பூட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்புவேன். அண்ணன் தினமும் போனில் கேட்பான், "ஆள் வந்தாளா?" "வந்தா" என்பேன். மூன்று வருஷத்துக்கு மேல் இதையே சொன்னேன். ஆள் இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் அப்பாவைக் கொண்டுபோய் ஏதாவது இல்லத்தில் சேர்த்திருப்பான். அதற்கு நான் தயாராக இல்லை. பூட்டுவதற்குத் தயாராக இருந்தேன்.

அந்தக் கதவின் உள்பக்கத்தில் கீறல்கள் இருந்தன. தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில், முப்பது நாற்பது. அப்பா விரலில் கல் வைத்த மோதிரம் போட்டிருந்தார். அப்பா போன பிறகு அந்தக் கதவை நான் சாத்தவே இல்லை. உள்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி எப்போதும் அகலத் திறந்தே வைத்திருந்தேன். பெயிண்ட் அடிக்கலாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒன்பதாம் நாள் அவர் அந்தக் கதவைக் கீலிலிருந்து கழற்றினார். வெளிப்பக்கக் கொண்டியை முறுக்கி எடுத்து, திருகாணிகளோடு ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி ஜன்னலில் வைத்தார். கதவை ஹாலில் ரெண்டு பெஞ்சுமேல் படுக்கப்போட்டார். உள்பக்கம் மேலே இருந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அந்தக் கீறல்கள்மேல் விழுந்தது. நான் சமையலறை வாசலில் நின்று கேள்விக்குக் காத்திருந்தேன்.

"இது ஆருடையதாக்கும் சேச்சி?"

"பூனை" என்றேன். "முன்னால ஒரு பூனை இருந்துது. உள்ள மாட்டிக்கிட்டா இப்படித்தான் பிறாண்டும்."

"பூச்சையா?" என்று பூனையை மலையாளத்தில் கேட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். கீறலில் விரலை ஓட்டினார். "எடுக்கலாமா?"

"எடுத்துடுங்க."

"எடுத்தா பின்ன வராது."

"பூனையோட கீறலை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் பென்சிலில் கோடு போட்டார். முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து, அதைவிட மெலிசு, அதைவிட மெலிசு என்று அன்று முழுவதும் தேய்த்தார். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கன்னத்தை வைத்தால்கூட உறுத்தாது. எனக்கு வந்தது நிம்மதிதான், வேறொன்றும் இல்லை.

அடுத்த நாள் முதல் பூச்சு அடித்தார். பனியன் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலமாகக் கட்டி, வார்னிஷில் தொட்டு, மரத்தின் ரேகை போகிற வழியிலேயே இழுத்துக்கொண்டு போவார். போகும்போதே மரம் நனைந்து உள்ளிருந்து ஒரு நிறம் எழும்பி வரும். எத்தனை களைப்பிலும் அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து நின்று பார்ப்பேன்.

பத்து நிமிஷம் கழித்து, "சேச்சி, ஒண்ணு வரணும்" என்றார்.

கதவின் ஒரு பாகத்தில் கண் விழுந்திருந்தது. குட்டிக்குட்டிக் குழிகள், ஒரு சின்னத் தாம்பாளம் அளவுக்கு. மற்ற இடமெல்லாம் தண்ணீர் நின்ற மாதிரி மினுங்க, அந்த வட்டம் மட்டும் பூச்சை ஏற்றுக்கொள்ளாமல் விலக்கியிருந்தது. அவர் உடனே தின்னர் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். உலரவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்தார். மறுபடியும் அதே இடத்தில் கண் விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தது. நான் சமையலறைக்குத் திரும்பிப் போய்ப் பால் பொங்கி வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் டேப்பை எடுத்துக் கதவின் அடியிலிருந்து அந்த வட்டம்வரை அளந்தார். மூன்றடிக்குக் கொஞ்சம் கீழே. பிறகு அப்பாவின் அறைக்குப் போனார். கதவில்லாத வாசலில், நிலைக்குப் பக்கத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை உச்சந்தலைமேல் வைத்து, அந்த உயரத்தை நிலையில் பென்சிலால் குறித்தார். எழுந்து டேப்பை வைத்துப் பார்த்தார். நான் ஈரத்துணியோடு நின்றிருந்தேன்.

"பூச்சைக்கு ஆரும் எண்ணெ தேய்க்க மாட்டாங்க, சேச்சி" என்றார். குரலில் குத்தல் இல்லை. "இது ஒரு நாள் ரெண்டு நாள் எண்ணெயில்ல. தினம் தினம், மணிக்கணக்கா தல சாய்ச்சிருந்தாத்தான் தேக்கு இவ்வளவு குடிக்கும்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீறல் எனக்குத் தெரியும். நான் போனதும் கொஞ்ச நேரம் தட்டுவார், பிறாண்டுவார், பிறகு படுத்துத் தூங்கிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். ஏனென்றால் நான் எப்போது பூட்டைத் திறந்தாலும் அவர் கட்டிலில்தான் இருப்பார், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பார். கடையில் நாற்பது வருஷம் சம்மணம் போட்டவர். தரையில் உட்காருவதும் எழுவதும் அவருக்குக் கடைசிவரை கஷ்டமில்லை. அப்படியானால் மூன்று வருஷமும் அந்தக் கதவில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கேட் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயந்தா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த எண்ணெய் நான் தேய்த்துவிட்ட எண்ணெய்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை ஒரு வார்னிஷ்காரரிடம், ஹாலில் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். 'நீங்க என்ன செய்வீங்க சேச்சி, தனியா இருந்து' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்வதற்குத்தான் எல்லோரும் இருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"கொண்டி வெளிப்பக்கம் கிடக்கது கண்டப்பவே நான் ரெண்டாமது கேட்டிருக்கணும்" என்றார். "பூச்சைன்னு சொன்னீங்க, நான் எடுத்தாச்சு. அது அவருடையதாக்கும். இனி எங்க போய் எடுத்திட்டு வர?"

அன்று மத்தியானம் அவர் பொதியைப் பிரிக்கவே இல்லை. மழை பெய்கிற வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த ஒரு காரியத்தை அவர் கையாலேயே செய்ய வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டைப் பெரியவர் மடியில் வைத்திருந்த தம்ளரும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மன்னிச்சுக்கிடுங்க என்றேன். என்னிடம் எதுக்கு என்றார்.

நாலு மணிக்கு எழுந்து வந்து அவருடைய வழக்கமான குரலில் கேட்டார். "எண்ணெ மரத்துக்கு உள்ள போயாச்சு. கீறல் மாதிரி தேய்ச்சு எடுக்க ஒக்காது. வேணும்னா அந்தப் பலகையை வெட்டி வேற வைக்கலாம். இல்லேன்னா மேல அரக்கு அடிச்சு மூடி, அதுக்கு மேல வார்னிஷ் போடலாம். நிக்கும். ஆனா அங்க மட்டும் நெறம் ஒரு பொடி கூடுதலா இருக்கும். என்ன வேணும்?"

"நீங்களே சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாது. ஆருடையதோ அவங்க சொல்லணும்."

"அவரு போயாச்சே."

"அப்போ நீங்க."

வெட்ட வேண்டாம் என்றேன். அரக்கு அடியுங்கள் என்றேன். அவர் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த வட்டத்தின்மேல் மூன்று முறை மெல்லிசாக அடித்தார். அதற்கு மேல் வார்னிஷ் ஐந்து பூச்சு. நாளுக்கு ஒரு பூச்சு. இனிமேல் அந்த எண்ணெய் வெளியே வராது, வெளியிலிருந்தும் ஒன்றும் உள்ளே போகாது என்றார். பதினேழாம் நாள் கதவை மாட்டினார். ஜன்னலில் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து, "கொண்டி திரும்ப வைக்கணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். மரத்தூளில் அரக்கைக் குழைத்துத் திருகாணி ஓட்டைகளை அடைத்தார். ஒரு வாரம் கதவைத் தொடக் கூடாது, சாத்தக் கூடாது, தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ரெண்டு தடவை போன் செய்தேன், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு எல்லோரும் வந்து இறங்கினார்கள். இருபது பேருக்குக் குறையாது. அண்ணன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். மாடி மேஜையிடம் மட்டும் நிற்கவில்லை. அப்பாவின் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தி, உள்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவினான்.

"பாத்தியா? நான் சொன்னேம்லா? பெயிண்ட் அடிச்சிருந்தா இது தெரியுமா? நாப்பது வருஷக் கதவு, ஒரு கீறல்கூட இல்ல" என்றான்.

அண்ணி ஆமாம் என்றாள். பெண்ணுக்கு மாமா முறை ஆகிற ஒருவர் வந்து தட்டிப் பார்த்து நல்ல தேக்கு என்றார். அவர்கள் எல்லோரும் ஹாலுக்குப் போனதும் கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. அண்ணனின் கை மட்டும் இன்னும் கதவில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தபடியால், கொஞ்சம் கூடுதலாகச் சிவந்த அந்த வட்டம் அவன் இடுப்புக்குச் சற்றுக் கீழே நன்றாகத் தெரிந்தது. அவன் பார்த்தான். ஏதோ மரத்தின் நிறம் என்று நினைத்திருப்பான். யாருடையது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. கேட்கிறவர் வித்துராவில் இருந்தார்.

"இருந்துது" என்றேன்.

"என்ன?"

"கீறல். நெறைய இருந்துது. அப்பா போட்டது. ஆள் ஒண்ணும் வரல அண்ணே. மூணு வருஷமும் நான்தான் வெளிய பூட்டிட்டுப் போனேன். அப்பா இங்க உக்காந்து கதவுல தலையச் சாய்ச்சிட்டு இருந்திருக்கா. கீறலை நான் எடுக்கச் சொல்லிட்டேன். இதை எடுக்க முடியல."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் என்னை அடிப்பான் என்றே நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவன் கதவிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, முட்டி வலிக்கிறவன் உட்காருகிற மாதிரி நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தான். கல்யாண வீடாயிற்றே, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். தலையைக் கதவில் சாய்த்தான். சரியாக அந்த இடத்தில் வந்தது.

"எத்தன மணிக்கு வருவ?" என்று கேட்டான்.

"அஞ்சரைக்கு" என்றேன்.